வேலை போனவர் ஓட்டு யாருக்கு?

வேலையில்லாத் திண்டாட்டம் தலைக்கு மேல் போனால் ஆட்சி தானாகக் கவிழும் என்று டீக்கடை பெஞ்சிலிருந்து டிவி விவாதம் வரை அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. கவிழலாம். ஆனால் யார் செய்த தப்புக்கு யார் ஆட்சி கவிழும், அந்த நாற்காலியில் அடுத்து யார் வந்து உட்காருவார் என்பதில்தான் நம் கணக்கு எப்போதும் தப்புகிறது.

அமெரிக்காவையே எடுங்கள். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவாலானபோது அதிபர் புஷ். பொருளாதார மந்தம் 2009 ஜூனில் முடிந்துவிட்டது என்று நிபுணர்கள் பிற்பாடு தேதி குறித்தார்கள். வேலையின்மை உச்சிக்குப் போனதோ அந்த அக்டோபரில், 10 சதவீதம். ஆர்டர் திரும்பியதும் எந்த முதலாளியும் ஆளைக் கூப்பிட மாட்டார்; இருக்கிறவர்களுக்கு ஓவர்டைம் போட்டுச் சமாளித்துப் பார்ப்பார். புது ஆள் அப்புறம்தான். அந்த இடைவெளிக்குள் தேர்தல் வந்தால், அப்போது நாற்காலியில் இருப்பவருக்கு அடி. 2010 நவம்பரில் ஒபாமா கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களை இழந்தது.

சரி, வேலையின்மை இருந்தால் ஆளுங்கட்சி தோற்கும், அவ்வளவுதானே என்பீர்கள். 1934-ஐப் பாருங்கள். அதே அமெரிக்கா, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லை. அதிபர் ரூஸ்வெல்ட்டின் கட்சி, அதிபர் காலத்தின் நடுவில் வரும் இடைக்காலத் தேர்தலில் கூடுதல் இடங்கள் பிடித்தது! 1933 மார்ச்சில் பதவியேற்ற மனிதர், அந்தக் கோடைக்குள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களைக் காடு வளர்ப்பு முகாம்களில் சேர்த்து, அவர்கள் சம்பளத்தில் பெரும்பகுதியை நேராக வீட்டுக்கு அனுப்ப வைத்தார். ஒபாமாவும் 2009-ல் 787 பில்லியன் டாலர் திட்டம் கொண்டுவந்தவர்தான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரிச்சலுகை. சம்பளத்தில் பிடிக்கும் வரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொடுத்ததால், பலருக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியவில்லை. கொடுத்தது யாரென்று தெரியாத பணத்துக்கு ஓட்டு விழாது.

ஜெர்மனி கதை இன்னும் மோசம். 1928-ல் ஹிட்லர் கட்சிக்கு 12 இடங்கள். 1930-ல் 107. வேலையில்லாதவர்கள் 60 லட்சமாக இருந்த 1932-ல், ஜூலைத் தேர்தலில் 230. ரூஸ்வெல்ட் ஜெயித்ததும் அதே 1932-ல்தான். பசி இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். வாசலுக்கு வந்து காரணம் சொன்ன ஆள்தான் வேறு.

இப்போது நம்ம பக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோலை நம்பியிருக்கிற இந்த ஊர்களில் வேலை போவது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. வேலையை விட்டு நீக்கினோம் என்று யாரும் கடிதம் அடித்துக் கையில் கொடுப்பதில்லை. முதலில் ஓவர்டைம் நிற்கும். அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் லீவு. காலையில் கிராமத்துக்குள் வந்து பெண்களை ஏற்றிப்போகும் கம்பெனி வண்டிகளில் ஒன்று குறையும். கடைசியில் "வரவேணாம்மா, ஆர்டர் வந்தா ஃபோன் பண்றோம்." அந்த ஃபோன் வராது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோதும், எங்கேயோ ஒரு ஆபீசில் போட்ட கையெழுத்துக்கு இங்கே ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கிற பெண்கள் வயிற்றில் புளியைக் கரைத்தது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. பல வருஷமாக ஸ்டிச்சிங் லைனில் இருந்தவர். லைன் நின்றதும் பி.எஃப். பணத்தை எடுத்தார், பாதி குழு லோனுக்குப் போயிற்று. வாரத் தவணைக்காரன் வரி, மந்தம் எல்லாம் பார்ப்பானா? இப்போது மறுபடி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார், இலையைக் கத்தரித்து, தூளை வைத்து, நூலைக் கட்டி. அரசாங்க சர்வேயில் கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே வாரக் கணக்கில் 'வேலையில் இருப்பவர்'. அக்காவும் அந்தக் கணக்கில் வேலையில் இருப்பவர்தான். சும்மா உட்கார வசதி இருப்பவர்தான் நம் ஊரில் புள்ளிவிவரத்துக்குள் வர முடியும்.

"யார் மேலக்கா கோவம்?" என்று கேட்டேன். டெல்லி, சென்னை, வாஷிங்டன் என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்தேன். "சூப்பர்வைசர் மேலதான். அவனுக்கு வேண்டியவங்களை மட்டும் வச்சிகினு எங்களை அனுப்பிட்டான்" என்றார்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. கோபம் இருக்கிறது, விலாசம் இல்லை. அந்த விலாசத்தை எழுதிக் கொடுக்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். வேலையில்லாமல் பாலத்து மேல் உட்கார்ந்திருக்கிற பையனிடம் சாதிச் சங்கத்துக்காரர் வந்து "நம்மாளுங்களுக்கு எவன் வேலை குடுக்கறான்?" என்கிறார். வாட்ஸப்பில் இன்னொருத்தர் "வடக்கன் வந்து புடுங்கிட்டான்" என்று வீடியோ அனுப்புகிறார். அந்த பீகார்க்காரப் பையன் நம்மைவிடக் குறைந்த கூலிக்கு, ஒரு ரூமில் எட்டு பேராகப் படுத்திருக்கிறான். அவனை அடித்தால் ஐரோப்பாவிலிருந்து ஆர்டர் வந்துவிடுமா?

இன்னொரு விலாசம் கவரில் வரும். 2019 ஏப்ரலில் பணம் பிடிபட்டு, நாட்டிலேயே முதல்முறையாக ஒரு மக்களவைத் தேர்தல் ரத்தானது நம் வேலூரில்தான். ஆம்பூர், குடியாத்தம் சட்டமன்ற இடைத்தேர்தல்கள் மட்டும் சொன்னபடி ஏப்ரல் 18-ல் நடந்தன. ஆகஸ்ட் 5-ல் மறுபடி நடந்த மக்களவை ஓட்டில் வித்தியாசம் வெறும் 8,141. ஓட்டுக்குப் பணம் வாங்குகிறவர்களை ஏசிப் பதிவு போடுவது சுலபம். இரண்டு மாசம் சம்பளம் வராத வீட்டில் அந்தக் கவர் ஒரு வாரத் தவணை. நான் ஏச மாட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் கேட்கிறேன். ESI என்ற தொழிலாளர் காப்பீட்டில் சேர்ந்திருந்து வேலை இழந்தவருக்கு என்று 2018-ல் ஒரு திட்டம் வந்தது: அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. கொரோனா சமயத்தில் அதை உயர்த்தி, 90 நாள் வரை சராசரிச் சம்பளத்தில் பாதி என்றார்கள். நிபந்தனைகள் உண்டு, எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் எங்கள் தெருவில் அதைக் கேள்விப்பட்டவர்கூட ஒருவர் இல்லை. பூத்துக்கு இருபது பேர் வைத்திருக்கிற கட்சிகளில் ஒன்றாவது, ஷூ கம்பெனி வாசலில் ஒரு மேசை போட்டு இதற்கு ஃபாரம் எழுதிக் கொடுத்ததா? உங்கள் ஊரில் அப்படி எந்தக் கட்சியாவது செய்திருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், கொடி எந்தக் கலராக இருந்தாலும் சரி.