பத்தாம் நாளின் வரிசை பற்றி ஒரு திருத்தம்
ஹஜ் மாதமான துல்ஹஜ் 10ஆம் நாள் கல்லெறிவதற்கு முன் தலைமுடியை மழித்துவிட்டால் ஹஜ்ஜே செல்லாது என்று சகோதரர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. முதன்முறை செல்பவர்களை வீணாகக் கலங்கவைக்கும் கருத்து இது என்பதால் விளக்க விரும்புகிறேன்.

9ஆம் நாள் அரஃபா திடலில் தங்கி, சூரியன் மறைந்தபின் முஸ்தலிஃபா சென்று, அந்தித் தொழுகையான மக்ரிபையும் இரவுத் தொழுகையான இஷாவையும் சேர்த்துத் தொழுது இரவைக் கழிக்கும் ஹாஜி, மறுநாள் மினாவில் பெரிய ஜம்ராவில் (கல்லெறியும் இடத்தில்) மட்டும், விரல்நுனியால் சுண்டிவிடக்கூடிய அளவுள்ள 7 சிறு கற்களை, ஒவ்வொன்றுக்கும் தக்பீர் ("அல்லாஹு அக்பர்") சொல்லி எறிகிறார். அடுத்துக் குர்பானி எனும் பிராணிப் பலி, பிறகு முடி களைதல், அதன்பின் மக்காவில் கஅபாவைச் சுற்றிவரும் தவாஃபுல் இஃபாளா. நபி (ஸல்) அவர்கள் செய்து காட்டிய வரிசை இதுவே. இயன்றவரை இதையே பேண வேண்டும்.

ஆனால், ஹிஜ்ரி 10இல் நிகழ்ந்த இறுதி ஹஜ்ஜின்போது, அறியாமல் குர்பானிக்கு முன் தலை மழித்துவிட்டதாக ஒருவரும், கல்லெறியும் முன்பே அறுத்துவிட்டதாக மற்றொருவரும் மினாவில் வந்து கேட்டபோது, இருவருக்கும் "குற்றமில்லை" என்றே நபியவர்கள் விடையளித்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் (சட்டப் பள்ளியில்) இவ்வரிசை சுன்னத், அதாவது கட்டாயமல்லாத நபிவழி. ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூ ஹனீஃபாவிடம், கல்லெறிதல், குர்பானி, முடி களைதல் ஆகியவற்றின் வரிசை உம்ரா எனும் சிறு புனிதப் பயணத்தையும் ஹஜ்ஜையும் ஒரே பயணத்தில் நிறைவேற்றும் தமத்துஉ, கிரான் முறைகளைச் செய்வோருக்கு வாஜிப் (கட்டாயம்). மாறினால் தம் எனும் பரிகாரப் பலி கொடுக்க வேண்டும், அவ்வளவே. அவரும் ஹஜ் முறிந்துவிடும் எனக் கூறவில்லை. ஈடுசெய்ய முடியாதது, அரஃபாவில் தங்குவதைத் தவறவிடுவதுதான்.