லெஸ்னரை வென்றவர் அப்புறம் என்ன ஆனார்?

டபிள்யூடபிள்யூஈ மல்யுத்த வீரர் ப்ராக் லெஸ்னரைத் தெரியும்தானே? டென் ஸ்போர்ட்ஸ் பார்த்து வளர்ந்த யாருக்கும் அந்தக் கழுத்தும் முதுகும் மறக்காது. 1999 மார்ச்சில், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த இறுதிப் போட்டியில், ஹெவிவெயிட் பிரிவில் அவரை 3-2 என்று தோற்கடித்தவர் ஸ்டீபன் நீல். அந்த வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஆனால் லெஸ்னர் தோற்றார் என்று காட்டுவதற்காகத்தான் பெரும்பாலும் பகிர்கிறார்கள். ஜெயித்தவரைப் பற்றிப் பேச ஆளில்லை. எனக்கு அதில் கொஞ்சம் கோபம் உண்டு.

நீல் அதே ஆண்டு அங்காராவில் 130 கிலோ ஃப்ரீஸ்டைலில் உலக சாம்பியனும் ஆனார். அடுத்தது சிட்னி ஒலிம்பிக் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். 2000-இல் நடந்த அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் கெர்ரி மெக்காயிடம் தோற்றார். சிட்னி கதை அதோடு முடிந்தது. மறு வருடம் என்ன செய்தார் தெரியுமா? பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து ஆடப் போனார், அதிலும் ஜெயித்தார். கல்லூரியில் அவர் அந்த ஆட்டத்தை ஆடியதே இல்லை. ஆடியிருக்கவும் முடியாது, அவர் படித்த பேக்கர்ஸ்ஃபீல்டு கல்லூரியில் கால்பந்து அணியே கிடையாது.

இதைச் சொன்னதும் மல்யுத்த ரசிகர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். "பார்த்தீங்களா, மல்யுத்த வீரனை எந்த விளையாட்டில் விட்டாலும் ஜெயிப்பான்." எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அப்படியென்றால் லெஸ்னருக்கு என்ன ஆச்சு? 2004-இல் டபிள்யூடபிள்யூஈயை விட்டுவிட்டு மினசோட்டா வைக்கிங்ஸ் என்ற கால்பந்து அணியில் முயன்றார். சீசன் தொடங்கும் முன்பே கழற்றிவிட்டார்கள். கேபிள் ஸ்டீவ்சன்? டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில் ஜார்ஜியாவின் பெட்ரியாஷ்விலியைக் கடைசி நொடியில் கவிழ்த்துத் தங்கம் வாங்கிய ஆள். 2024 மே மாதம் பஃபலோ பில்ஸ் அணி அவரை எடுத்தது, ஆகஸ்டில் அனுப்பிவிட்டது. உடல் பலத்தில் இவர்கள் யாரும் நீலுக்குக் குறைந்தவர்கள் இல்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. நீலுக்குக் கிடைத்த வேலை 'கார்டு'. தாக்கும் அணியின் முன்வரிசையில், பந்தை வைத்திருக்கும் க்வார்ட்டர்பேக்கின் மேல் யாரும் விழாமல் தடுத்து நிற்கிற ஐந்து பேரில் ஒருவர். இவர் பந்தைத் தொடுவதே அபூர்வம். கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி, ஏதாவது கெட்டுப்போனால்தான் பெயர் வெளியே வரும்.

மல்யுத்தக்காரனுக்கு இந்த வேலை ஒரு வகையில் பழகியது. குனிந்து நிற்பது, இடுப்பைத் தாழ்த்துவது, எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று கையாலேயே உணர்வது எல்லாம் ஏற்கெனவே ஊறியிருக்கும். ஆனால் அவன் கை முதலில் என்ன செய்யும்? பிடிக்கும், இழுக்கும், சுற்றி வளைக்கும். இங்கே எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தாலோ, தோளுக்கு வெளியே கையைச் சுற்றினாலோ 'ஹோல்டிங்'. அணிக்குப் பத்து கெஜம் தண்டனை. உள்ளங்கை இரண்டும் அவன் நெஞ்சுக்குள்ளேயே இருக்க வேண்டும், தள்ள வேண்டும். அதையும் பக்கத்தில் இருப்பவனோடு ஒரே சமயத்தில் செய்ய வேண்டும். தனி ஆளாகவே ஜெயித்துப் பழகியவனுக்கு இது சாதாரண விஷயமில்லை.

நீலுக்கு இது படிய எத்தனை காலம் ஆனது பாருங்கள். 2001-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் எடுத்து, கழற்றிவிட்டது. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் பயிற்சிக் குழுவில் சேர்த்துக்கொண்டது. டிசம்பரில் பேட்ரியாட்ஸ் திரும்ப அழைத்தது. 2002-இல் முதல் முறையாகத் தொடக்க வரிசையில் இறங்கியவருக்குத் தோள்பட்டை போனது. 2003 முழுக்கக் களத்தில் இல்லை. அதற்குள் அணி இரண்டு சூப்பர் பவுல், அதாவது சீசனின் இறுதிப் போட்டி, ஜெயித்துவிட்டது. ஜெயித்த அணிக்குத் தரும் மோதிரம் இரண்டும் அவர் விரலுக்கு வந்தன, ஆனால் இரண்டு இறுதியிலும் அவர் ஆடவில்லை.

2004-இல்தான் இடம் நிலைத்தது. அந்த சீசனில் அணியின் ஓட்டக்காரர் கோரி டில்லன் பந்தோடு 1,635 கெஜம் ஓடினார், அது அந்த அணியின் சாதனை. வழி திறந்து கொடுத்த வரிசையில் வலது பக்கம் நின்றவர் நீல். 2005 பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதி, எதிரணி அதே ஈகிள்ஸ். 24-21. இந்த மோதிரம் ஆடி வாங்கியது.

ஆக, என் கணக்கில் இந்தக் கதையில் பாதிப் பங்கு பொறுமை காட்டிய அணிக்குச் சேர வேண்டும். வரிசைப் பயிற்சியாளர் டான்டே ஸ்கார்னெக்கியா, கால்பந்து தெரியாத ஒரு உலக சாம்பியனை அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுத்து உருவாக்கினார். ஸ்டீவ்சனுக்குக் கிடைத்தது ஒரு கோடைக்காலம். நீலுக்கு மூன்று வருடம். மூன்று மாதத்தில் நீலை அளந்திருந்தால் அவரும் தோற்றவர் பட்டியலில்தான் இருப்பார். முதல் கோடையில் அப்படித்தான் அளந்தார்கள், வெளியேயும் அனுப்பினார்கள்.

அவர் எவ்வளவு முக்கியம் என்பது 2008 பிப்ரவரியில் தெரிந்தது. ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் இறுதிக்கு வந்த பேட்ரியாட்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 17-14 என்று விழுந்தது. அன்று முழங்கால் காயத்தோடு நீல் பாதியில் வெளியேறினார். அணியின் க்வார்ட்டர்பேக் டாம் பிரேடியை ஐந்து முறை தரையில் சாய்த்தார்கள். நீல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தோல்வியைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் இதையும் ஒரு வரி சொல்லலாம் என்கிறேன், அவ்வளவுதான்.

ஒலிம்பிக் பதக்கத்தை வீணடித்துவிட்டார் என்றும் சிலர் சொல்வதுண்டு. தன் இருபதுகளின் நடுவில் ஒரு மனிதன் வேறு தொழிலுக்குப் போய், 2010 சீசன் வரை அதில் நிலைத்து நின்றதை வீண் என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் எனக்குள் இருக்கும் ரசிகன் அடங்க மாட்டான். 2004 ஏதென்ஸில் 120 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியவர் உஸ்பெகிஸ்தானின் ஆர்தர் டைமாசோவ். நீல் அப்போது கால்பந்துக்காக ஏறக்குறைய 138 கிலோவில் இருந்தார். பதினெட்டு கிலோ இறக்கி, ஒரே ஒரு தடவை டைமாசோவோடு நின்றிருக்கக் கூடாதா?