1,35,000 என்பது வானகட் எண்ணிச் சொன்ன கணக்கு இல்லை

'இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்தில் நடந்த குண்டுவீச்சில் 1,35,000 பேர் செத்தார்கள், அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட் நேரில் பார்த்து ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ் நாவலில் எழுதியிருக்கிறார்' என்று ஒருவர் சொல்லியிருந்தார். அவர் அங்கே இருந்தது உண்மை. அந்த எண் அவருடையது என்பதுதான் தவறு.

1945 பிப்ரவரி 13 இரவு குண்டு விழுந்தபோது, ஜெர்மானியர்களிடம் போர்க்கைதியாக இருந்த வானகட் இறைச்சிக்கூடத்தின் நிலவறைக்குள் இருந்தார். பிறகு இடிபாடுகளிலிருந்து பிணங்களை எடுக்கும் வேலையில் அவரை விட்டார்கள். நகரம் முழுக்க எத்தனை பேர் என்று ஒரு கைதிக்கு எப்படித் தெரியும்? அதே ஆண்டு மே மாதம் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் 2,50,000 என்றே குறிப்பிட்டார்.

1969இல் வந்த நாவலில் 1,35,000 எங்கே வருகிறது என்று பாருங்கள். ரம்ஃபோர்ட் என்ற பாத்திரம் மருத்துவமனையில் படிக்கும் பிரிட்டிஷ் எழுத்தாளர் டேவிட் இர்விங் ட்ரெஸ்டன் பற்றி எழுதிய புத்தகத்தில், அமெரிக்க விமானப்படைத் தளபதி ஈக்கர் எழுதிய முன்னுரையில் வருகிறது. அந்த இர்விங்கே 1966இல் லண்டன் டைம்ஸ் நாளிதழுக்குக் கடிதம் எழுதி, தன் எண் மிகை என்று ஒப்புக்கொண்டார். புழக்கத்தில் இருந்த 2,02,040 என்ற இன்னொரு எண், உண்மையான ஆவணத்தில் இருந்த 20,204க்குப் பின்னால் ஒரு பூஜ்யம் சேர்த்த போலி.

ட்ரெஸ்டன் நகராட்சி அமைத்த வரலாற்றாளர் குழு கல்லறைப் பதிவு, பதிவாளர் ஆவணம் எல்லாம் அலசி 2010இல் சொன்ன முடிவு: அதிகபட்சம் 25,000. அதுவே பெருங்கொடுமைதான். நாவலின் வலிமைக்கும் இதனால் குறைவில்லை. ஆனால் பலி எண்ணிக்கைக்கு அதை ஆதாரமாகக் காட்டாதீர்கள். ஊதிப் பெருக்கிய எண்களை இன்றும் நாஜி ஆதரவாளர்கள் பிரசாரத்துக்குப் பயன்படுத்துகிறார்கள்.