வெள்ளம் வந்தாலே வண்டல் வந்துவிடாது
'வெள்ளம் வடிந்த இடமெல்லாம் வளமான வண்டல் படியும்' என்று ஆற்று வெள்ளம் பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், அதை ஏற்க முடியவில்லை. ஆறு கரை தாண்டியதும் தண்ணீரின் வேகம் சட்டென்று குறையும், அப்போது கனமான மணல்தான் முதலில் கரையை ஒட்டியே விழும், நுண்ணிய வண்டல் கொஞ்சம் தள்ளிப் படியும், களியோ தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளங்களில் மெதுவாகத்தான் அடியில் இறங்கும். ஒரே ஆற்றங்கரையில் ஒரு வயல் மணற்பாங்காகவும் இன்னொன்று கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் களியாகவும் இருப்பது இதனால்தான். வளைவுகளில் கதையே வேறு: வெளிக்கரையை ஆறு அரித்துக்கொண்டே போகும், உள்கரையில் மணல் திட்டு வளரும், ஒருவர் நிலம் போகும்போது எதிர்க்கரையில் புது நிலம் முளைக்கும். 2015 டிசம்பரில் சென்னையில் அடையாறு பொங்கியபோது ஜாபர்கான்பேட்டையில் எங்கள் தெருவில் படிந்தது சாக்கடை கலந்த கருஞ்சேறு, அதை வண்டல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்புறம், மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர் அணைக்கும் மண்ணுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதியிருக்கிறார். நிச்சயமாக உண்டு. மேட்டூர் அணை 1934-இல் வந்ததிலிருந்து காவிரி சுமந்து வரும் வண்டலில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது, தெளிந்து வெளியேறும் தண்ணீர் கீழே போகப் போக ஆற்றின் அடிமண்ணைத்தான் அரிக்கும். டெல்டா வயல்களுக்குப் புது மண் வருவது குறைந்தது எப்படி என்பதையும் கட்டுரையில் சேருங்கள், விவசாயிகளுக்கு அது ரொம்ப முக்கியம்.