குமிழிக்குள் என்ன இருக்கிறது?

காணொளி வழி வேதியியல் பாடம் வெற்றி என்று உங்கள் கட்டுரையில் சொல்லிவிட்டீர்கள். ஆதாரம்? மாணவர்களுக்குப் பிடித்திருந்ததாம். பிடிப்பது வேறு, புரிவது வேறு ஐயா. பினாங்கில் முதலாமாண்டு ஆய்வகம் பார்த்துக்கொள்பவன் நான். கொதிக்கிற தண்ணீரில் எழும் குமிழிக்குள் என்ன என்று கேட்டேன். எஸ்டிபிஎம்மில் (மலேசியாவின் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு) ஏ வாங்கிய தம்பி சட்டென்று, "ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சார்" என்றான். நீராவிதானே அது! (அவனுக்கும் காணொளி ரொம்பப் பிடிக்கும்.) இப்படி ஒரு கேள்வியைப் பாடத்துக்கு முன்னும் பின்னும் கேட்டு, பழைய முறையில் படித்த வகுப்போடு வைத்துப் பார்த்திருக்கலாம். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளை 2014இல் தொகுத்தவர்கள் தேர்வு மதிப்பெண்ணையும் தோல்வியையும்தான் பார்த்தார்கள்: வெறும் விரிவுரையில் தோற்றவர்கள் 33.8 விழுக்காடு, மாணவர் பங்கேற்ற வகுப்பில் 21.8. உங்கள் வகுப்பில் எத்தனை பேர் தோற்றார்கள்?