ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்டு ஆறாம் நாள் ரத்தம் எடுத்தால் பாசிட்டிவ் வரலாம்

அந்த ஆடியோ உங்கள் குழுக்களுக்கும் வந்திருக்கும். "டயாலிசிஸ்ல இருக்கிற எங்கப்பாவுக்கு மஞ்சள் காமாலை ஊசி போட்டாங்க. ஒரே வாரத்துல பி பாசிட்டிவ் ஆயிடுச்சு. யாரும் போட்டுக்காதீங்க." மஞ்சள் காமாலை ஊசி என்று அவர் சொல்வது ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை; "பி பாசிட்டிவ்" என்பது அந்த வைரஸ் ரத்தத்தில் இருப்பதாக வந்த ரிப்போர்ட். பேசுகிற மகன் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. பயந்துபோன பிள்ளை அப்படித்தான் பேசும். அந்த ரிப்போர்ட்டைக் கையில் திணித்து, "இனி இங்க மெஷின் கிடையாது" என்று அனுப்பியவர்கள் மேல்தான் கோபம். ஊசி போட்டது என்றைக்கு, ரத்தம் எடுத்தது என்றைக்கு என்று அங்கே ஒருவருக்குக்கூடக் கேட்கத் தோன்றவில்லையா?

ஊசி போட்ட ஆறாம் நாள் எடுத்த ரத்தம் அது. ஆடியோவிலேயே அவர் சொல்கிறார்.

ஹெபடைட்டிஸ் பி ஊசியில் வைரஸே கிடையாது. வைரஸின் மேலுறைப் புரதத்தை மட்டும் ஈஸ்ட்டில் வளர்த்துப் பிரித்தெடுத்து வைத்திருக்கிறார்கள். பி தொற்று இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. டெஸ்ட் ரத்தத்தில் தேடுவதும் அதே புரதத்தைத்தான். போட்ட மருந்தே சில நாள் ரத்தத்தில் தட்டுப்படலாம். டயாலிசிஸ் நோயாளிக்கு டோஸ் இரட்டிப்பு என்பதால் இன்னும் எளிதாகத் தட்டுப்படும். 18 நாள் வரை இப்படிப் பாசிட்டிவ் காட்டியது பதிவாகியிருக்கிறது. அதனால்தான் ஊசி போட்டு நான்கு வாரம் கழியாமல் இந்த டெஸ்டை எடுக்கக் கூடாது. மாதாந்திர டெஸ்டும் அடுத்த டோஸும் ஒரே நாளில் வந்தால் முதலில் ரத்தம், பிறகு ஊசி. இந்த வரிசை மாறியதால் ஒரு மனிதருக்கு மெஷின் இல்லாமல் போயிருக்கிறது.

தெரியாமல் எடுத்துப் பாசிட்டிவ் வந்தால் வைரஸின் டி.என்.ஏ. டெஸ்ட், கூடவே ஆன்டி எச்.பி. கோர் டெஸ்ட் (வைரஸின் உள்ளே இருக்கும் கோர் புரதத்துக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது) எடுக்க வேண்டும். ஊசியில் டி.என்.ஏ.வும் கிடையாது, கோர் புரதமும் கிடையாது. உண்மையான தொற்று புதிதாக வந்திருந்தால் கோர் எதிர்ப்பொருள் தோன்றக் கொஞ்ச நாள் ஆகலாம்; டி.என்.ஏ. காட்டிக்கொடுத்துவிடும். நான்கு வாரம் கழித்து மறுபடி எச்.பி.எஸ்.ஏ.ஜி. பார்த்தால் விஷயம் முடிந்தது.

"சந்தேகம்னா பாசிட்டிவ் ரூம்ல போட்டுட வேண்டியதுதானே, எதுக்கு ரிஸ்க்?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதைப் படித்தபோதுதான் எனக்கு வயிறு கலங்கியது. முதல் டோஸ் மட்டும் போட்டவருக்கு இன்னும் எதிர்ப்பு சக்தியே வந்திருக்காது. அவரைக் கொண்டுபோய் உண்மையிலேயே பாசிட்டிவ் உள்ளவர்களின் மெஷினில் உட்கார வைத்தால், இல்லாத நோயை நாமே கொடுத்ததாகிவிடும். முடிவு தெரியும்வரை தனி இடம், அன்றைய கடைசி ஷிஃப்ட், முடிந்ததும் மெஷினுக்கும் நாற்காலிக்கும் முழுக் கிருமிநீக்கம். டயாலிசிஸை மட்டும் நிறுத்தவே கூடாது. ரத்தத்தில் ஏறுகிற பொட்டாசியம், டெஸ்ட் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்காது.

இன்னொரு கேள்வி: "பாசிட்டிவ் உள்ளவங்களுக்குத் தனி மெஷின் இருக்கே, ஊசி எதுக்கு?" இதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் 1974இல் டயாலிசிஸ் நோயாளிகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு பேருக்கு பி தொற்று வந்தது. 1980இல் அது ஒன்றாகக் குறைந்தது. அப்போது தடுப்பூசியே சந்தைக்கு வரவில்லை. பாசிட்டிவ் உள்ளவர்களைப் பிரித்ததும் மாதந்தோறும் டெஸ்ட் எடுத்ததும்தான் காரணம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரிப்பது என்பது ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு ஷிஃப்டிலும், ஒருவர்கூடத் தவறாமல் செய்தால்தான் காப்பாற்றும். டயாலிசிஸ் ஊசியைக் கையில் இறக்கிய அதே கையுறையோடு அலாரத்தை அணைக்க மெஷின் பட்டனைத் தொடுகிறார் டெக்னீஷியன். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் அங்கே ஒட்டுகிறது. காய்ந்த பிறகும் இந்த வைரஸ் 7 நாள் உயிரோடு இருக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் ஒரே குப்பியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கட்டில் கட்டிலாகப் போய் எடுத்தால் அதுவும் வழிதான். நாலு மணி நேரம், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, வருடக்கணக்கில். ஒரு நாள் கை தவறாதா?

"போட்டும் டைட்டர் வரலையே", அதாவது ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி காட்டவில்லையே என்கிறீர்கள். எப்படிப் போட்டீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். சாதாரணப் பெரியவருக்கு 20 மைக்ரோகிராம், மூன்று டோஸ். நம்மிடம் பரவலாகக் கிடைக்கிற மருந்தில் டயாலிசிஸ் நோயாளிக்கு 40 மைக்ரோகிராம், நான்கு டோஸ்: தொடங்கும் நாள், 1, 2, 6ஆம் மாதம். 40 என்றால் 1 மில்லி வீதம் இரண்டு ஊசி, தோள்பட்டைத் தசையில், ஓரங்குலம் தள்ளித் தள்ளி. ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடம்) உள்ள கையில் கூடாது. இடுப்பில் போட்டால் மருந்து கொழுப்பில் தங்கிவிடும், பலன் குறையும். ஹெப்பாரின் ஏற்றும் முன்பே போட்டு, இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. நடுவில் ஒரு டோஸ் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஒரு அம்மா, கணவருக்கான மருந்தை மெடிக்கலில் வாங்கி, கெட்டுவிடக் கூடாதே என்று ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் புதைத்து இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்தார். குப்பியைக் குலுக்கி வைத்தால் பால்போலக் கலங்கி நிற்க வேண்டும். அதில் சிறு சிறு செதில்கள் மிதந்து அடியில் இறங்கின. உறைந்துபோன மருந்து. இதற்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். சூட்டைவிட உறைவதுதான் பெரிய எதிரி. அதை எடுத்து வைத்துவிட்டு வேறு வாங்கச் சொன்னபோது அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஐஸ் மேல் நேராக வைக்காமல் துணி சுற்றி எடுத்து வாருங்கள் என்று கடையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை. ஊசியைக் குறை சொல்கிறவர்களில் எத்தனை பேர் அந்தக் குப்பியைக் குலுக்கிப் பார்த்தீர்கள்?

எல்லாம் சரியாகச் செய்தாலும் டயாலிசிஸில் இருப்பவர்களில் பத்துக்கு ஐந்து, ஆறு பேருக்குத்தான் சக்தி வருகிறது. மறைக்கவில்லை. கடைசி டோஸ் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில், அந்தச் சக்தியின் அளவைக் காட்டும் ஆன்டி எச்.பி.எஸ். டெஸ்ட் பாருங்கள். 10க்குக் கீழே என்றால் இன்னொரு முழுச் சுற்று. வந்தவர்களுக்கும் வருடம் ஒருமுறை பார்த்து, 10க்குக் கீழே இறங்கினால் ஒரு பூஸ்டர். அப்படியும் சக்தி வராதவர்களை மாதந்தோறும் டெஸ்டில் வைத்திருக்க வேண்டும். இந்த ஊசி இந்தியா முழுக்கக் குழந்தைகள் அட்டவணைக்கு வந்ததே 2011 வாக்கில்தான். இன்று டயாலிசிஸ் நாற்காலியில் இருக்கிற ஐம்பது அறுபது வயதுக்காரர்களுக்குச் சின்ன வயதில் போட வாய்ப்பே இருந்ததில்லை. சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியேட்டினின் ஏறத் தொடங்கும்போதே, ஃபிஸ்டுலா பற்றிப் பேச்செடுக்கும் முன்பே போட்டால் பலன் கூடுதல். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வருடக்கணக்காக மாத்திரை எழுதுகிறவர்கள் அந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதக் கூடாதா? இதைக் கேட்டால் "டாக்டர்களைக் குறை சொல்றீங்க" என்பார்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

அந்த மகனைத் தெரிந்தவர்கள் இருந்தால் இதைச் சேர்த்துவிடுங்கள். தம்பி, அப்பாவின் டயாலிசிஸை ஒரு தடவைகூட விடாதீர்கள். டி.என்.ஏ. டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஊசி போட்ட தேதி உள்ள அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். இரண்டாவது டோஸ் நாளன்று முதலில் ரத்தம் கொடுக்கட்டும், அதுவே மறு டெஸ்டும் ஆகிவிடும். அதன் பிறகு ஊசி, ஃபிஸ்டுலா இல்லாத கையில்.