ஆட்டத்துக்கு அழைத்த எவரையும் ஒப்புக்கு உட்கார வைக்காதீர்கள்

நண்பர்களை வீட்டுக்கு அழைத்து, சீட்டுக்கட்டையோ ஒரு பலகை விளையாட்டையோ நடுவில் வைத்துக்கொண்டு, இரவு வெகு நேரம் வரை சேர்ந்து விளையாடும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. பண்டிகை நாட்களில் உறவினரும் நண்பர்களும் கலந்து கூடும்போதும் அதையேதான் செய்கிறேன். இப்படிப் பலரையும் அழைத்து விளையாடியதில் எனக்கு உறுதிப்பட்டுப்போன ஒரு கருத்து உண்டு. அன்று எதை விளையாடுவது என்பதை, அந்தப் பெட்டியை வாங்கி வைத்திருக்கும் வீட்டுக்காரரோ, எல்லோரையும்விட நன்றாக ஆடத் தெரிந்தவரோ தம் விருப்பப்படி முடிவு செய்யக் கூடாது. வந்திருப்பவர்களுள் யாருக்கு விளையாட்டுப் பழக்கம் மிகக் குறைவோ, அவரை மனத்தில் வைத்துத்தான் அது முடிவாக வேண்டும். விருந்துக்கு அழைத்தால் யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்கிற நாம், விளையாட்டுக்கு அழைக்கும்போது மட்டும் அந்த அக்கறையை ஏன் விட்டுவிடுகிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

கூடினால் உட்கார்ந்து பேசினால் போதாதா, விளையாட்டு எதற்கு என்று சில நண்பர்கள் கேட்பதுண்டு. நான்கு பேர் என்றால் பேச்சே போதும். பரிணாம உளவியலாளர் ராபின் டன்பரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், தானாக உருவாகும் ஓர் உரையாடலில் ஏறத்தாழ நான்கு பேர்தான் ஒரே நேரத்தில் நிலைக்க முடிகிறது என்றும், அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது என்றும் காட்டினார்கள். எட்டுப் பேர் கூடிய எந்த வீட்டிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். பழைய நண்பர்கள் ஒரு பக்கம் படித்த காலத்துக் கதைகளைப் பேசத் தொடங்குவார்கள்; மற்றொரு பக்கம் வேலை இடத்துச் செய்திகள் ஓடும்; நண்பரின் மனைவியாகவோ கணவராகவோ மட்டும் அங்கே வந்திருப்பவர், இரண்டு பக்கமும் புன்னகைத்துவிட்டு மெல்லக் கைப்பேசியைக் கையில் எடுப்பார். அந்த எட்டுப் பேருக்கும் பொதுவான பழைய கதை எதுவும் இல்லாத இடத்தில், விளையாட்டு அப்போதே ஒரு புதுக் கதையை உண்டாக்கித் தருகிறது. ஒருவர் தப்பான சீட்டை இறக்கியதும் எல்லோரும் சேர்ந்து சிரிப்பதற்கு இருபது ஆண்டுப் பழக்கம் தேவையில்லை.

ஆனால் அந்தப் பயன் கிடைப்பது, எல்லோரும் உண்மையாகவே ஆட்டத்துக்குள் இருக்கும்போது மட்டும்தான். சின்ன வயதில் தெருவில் விளையாடும்போது, அழுகிற தம்பியையோ தங்கையையோ ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோமே, அதே நிலையில் பெரியவர்களை உட்கார வைக்கும் விளையாட்டுகள் பல உண்டு. நம் நாளில் மிகப் பரவலாகத் தெரிந்த மோனோபோலியையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் ஒரு சிலர் கையில் குவிந்தால் மற்றவர்கள் எப்படி நொடித்துப் போகிறார்கள் என்பதை எடுத்துக்காட்ட எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு விளையாட்டை உருவாக்கி 1904இல் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்ததுதான் 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் வெளியிட்ட மோனோபோலி. ஒருவர் பெருக, மற்றவர்கள் ஒவ்வொருவராக ஓட்டாண்டியாகி வெளியேறுவது அந்த விளையாட்டின் அடிப்படையிலேயே இருக்கிறது. முதலில் வெளியேறியவர் மீதி நேரம் முழுவதும் அடுத்தவர் பணம் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். போதாக்குறைக்கு, ஒரு மனையில் வந்து நின்றவர் அதை வாங்க மறுத்தால் உடனே அதை ஏலத்தில் விட வேண்டும் என்ற அச்சிட்ட விதியைப் பல வீடுகளில் கைவிட்டுவிடுகிறார்கள். ‘இலவச நிறுத்துமிடம்’ என்ற கட்டத்தில் வந்து நிற்பவருக்குப் பணக்குவியலைக் கொடுக்கும், விதிப்புத்தகத்தில் இல்லாத வழக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இரண்டுமே ஆட்டத்தை இழுத்தடிப்பவை. ஒன்றரை மணி நேரத்தில் முடிய வேண்டியது நள்ளிரவைத் தாண்டுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இதற்கு நேர் எதிரான பாதையில் சென்றது 1995இல் ஜெர்மனியில் கிளாஸ் டோய்பர் உருவாக்கிய கட்டான். அதில் யாரும் நடுவில் வெளியேற்றப்படுவதில்லை. பகடையை யார் உருட்டினாலும், விழுந்த எண்ணைக் கொண்ட நிலத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டியிருக்கும் அனைவருக்கும் மரமோ செங்கல்லோ தானியமோ ஆடோ கிடைக்கும். முறை உடையவரோடு மற்றவர்கள் பண்டமாற்றும் செய்துகொள்ளலாம் என்பதால், பிறர் முறையிலும் நமக்கு வேலை இருக்கிறது. பேரம் பேசத் தெரிந்த ஒரு நண்பர் ஒரே ஒரு ஆட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேசையையே கலகலப்பாக்கிவிடுவார். அதன் குறை, அடிப்படைப் பெட்டியை நான்கு பேருக்கு மேல் ஆட முடியாது என்பதுதான். ஆறு பேர் வரும் வீட்டில் நான்கு பேருக்கான விளையாட்டை எடுத்து வைத்துவிட்டு, மீதி இருவரை அடுத்த சுற்றில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்வது எனக்குச் சற்றும் பிடிக்காத செயல். அந்த அடுத்த சுற்று பெரும்பாலும் வருவதே இல்லை.

எட்டுப் பேர் அளவில் கூடும்போது நான் முதலில் எடுப்பது கோட்நேம்ஸ். செக் நாட்டைச் சேர்ந்த விளாடா ஹ்வாட்டில் உருவாக்கி 2015இல் வெளிவந்த இந்த விளையாட்டு, அடுத்த ஆண்டே ஜெர்மனியின் ‘ஆண்டின் சிறந்த விளையாட்டு’ விருதைப் பெற்றது. ஐந்துக்கு ஐந்து என்று இருபத்தைந்து சொற்கள் மேசையில் விரிந்திருக்கும். அவற்றுள் ஓர் அணிக்கு ஒன்பது, மற்ற அணிக்கு எட்டு, யாருக்கும் சேராதவை ஏழு, தொட்டால் அந்த அணி அப்போதே தோற்றுவிடும் சொல் ஒன்று. எது எவருக்குரியது என்று இரு அணித் தலைவர்களுக்கு மட்டுமே தெரியும். அவர்கள் குறிப்பாக ஒரே ஒரு சொல்லையும், அது மேசையில் உள்ள எத்தனை சொற்களுக்குப் பொருந்தும் என்ற எண்ணையும் மட்டும் சொல்லி, தமக்குரிய சொற்களைக் கண்டுபிடிக்கத் தம் அணியை வழிநடத்த வேண்டும். வாங்கிய பெட்டியில் இருப்பவை ஆங்கிலச் சொற்கள் என்பதால், நான் துண்டுத் தாள்களில் தமிழ்ச் சொற்களை எழுதி வைத்திருக்கிறேன். தலைவர் “சிறகு, இரண்டு” என்கிறார். காகத்தை உடனே தொட்டுவிடுகிறார்கள். இன்னொன்று எது என்று தெரியாமல் அணி முழுவதும் தாள்களின் மேல் குனிந்து தேடுகிறது. அதுவரை வாய் திறக்காமல் இருந்த ஒருவர் “விமானம் இருக்கிறதே” என்று மெல்லச் சொல்லும்போது, அந்த மேசையில் அவருடைய இடம் மாறிவிடுகிறது. அந்தக் கணம் முதல் மற்றவர்கள் அவர் பக்கம் திரும்பித்தான் அடுத்த யோசனையைக் கேட்கிறார்கள். விளையாட்டுப் பழக்கம் இதற்குத் தேவையில்லை, சொற்களோடு பழகியிருந்தால் போதும் என்பதால் புதியவருக்கும் பழையவருக்கும் இதில் பெரிய இடைவெளி இல்லை.

விதிகளைச் சொல்லிக்கொடுப்பது தனிக் கலை என்றே நினைக்கிறேன், அதை நாம் மிகவும் அலட்சியமாகச் செய்கிறோம். விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படிப்பவர்கள் உண்டு. “ஆட ஆடப் புரியும்” என்று சொல்லிச் சீட்டைப் பிரித்துவிட்டு, நடுவில் ஒவ்வொரு விதியாக நினைவுக்குக் கொண்டுவருபவர்களும் உண்டு. புதியவர், தாம் கேட்டிராத விதியால் தோற்றால், அது அவருக்கு அழுகுணி ஆட்டமாகத்தான் தோன்றும். எதைச் செய்தால் வெற்றி என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு ஒருவருடைய முறையில் அவர் என்னென்ன செய்யலாம் என்று காட்ட வேண்டும். அபூர்வமாக வரும் விதிவிலக்குகளை, அவை வரக்கூடும் என்று மட்டும் சொல்லி ஒத்திவைக்கலாம். அதன்பின் சீட்டுகளை முகம் தெரிய வைத்து, கணக்கில் சேராத ஒரு சுற்று ஆடிக் காட்டினால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அதைவிட முக்கியமானது, ஆட்டம் தொடங்கிய பிறகு நாம் நடந்துகொள்ளும் விதம். புதிதாக ஆடுபவர் கையில் இருக்கும் ஏழு சீட்டுகளையும் விசிறி போல் விரிக்கத் தெரியாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, “இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்கிறார். மூன்று பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்கிறார்கள். நான்காமவர் எட்டிப் பார்த்து, “இதைப் போடுங்கள்” என்று அவர் கையிலிருந்தே ஒரு சீட்டை உருவி மேசையில் வைத்துவிடுகிறார். உதவி என்று நினைத்துத்தான் செய்கிறார், ஆனால் அந்தச் சீட்டோடு அந்த முறையும் பறிபோய்விட்டது. இனி ஒவ்வொரு முறையும் புதியவர் சீட்டை நீட்டிக் காட்டுவாரே தவிரத் தாமாக யோசிக்க மாட்டார். அழைத்தவர் அந்த இடத்தில் குறுக்கிட்டு, “இரண்டு வழிகள் இருக்கின்றன, எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள், அவசரம் இல்லை” என்று சொல்லிவிட வேண்டும். இது மனவருத்தம் தரும் என்று, சீட்டை உருவிய நண்பரின் முகத்தைப் பார்த்துத் தயங்கத் தேவையில்லை.

எல்லோரும் ஓர் அணியாக ஆடும் கூட்டுறவு விளையாட்டுகளில் இந்தச் சிக்கல் குறையும் என்று எதிர்பார்ப்போம், ஆனால் அங்கேதான் அது அதிகம். 2008இல் மேட் லீகாக் உருவாக்கிய பேண்டமிக்கில், உலகெங்கும் பரவும் நான்கு நோய்களுக்கு எல்லோரும் சேர்ந்து மருந்து கண்டுபிடிக்க வேண்டும். எல்லாம் வெளிப்படையாக இருப்பதால், விவரம் தெரிந்த ஒருவர் மற்ற மூவரின் முறையையும் தாமே ஆடிவிட முடிகிறது. இதற்கு அழகான மாற்று ஹனாபி. அந்துவான் பௌசா உருவாக்கிய அந்த விளையாட்டில் நம் சீட்டுகளின் முகத்தை நாம் பார்க்கவே கூடாது, பிறர் பார்க்கும்படி திருப்பிப் பிடிக்க வேண்டும். மற்றவர்கள் தரும் சிறு குறிப்புகளை நம்பித்தான் நாம் ஆட முடியும், அதையும் விதிகள் அளவோடுதான் அனுமதிக்கின்றன. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதில் ஒருவரே எல்லாவற்றையும் நடத்திவிட முடியாது.

பண்டிகைக் கூடல்களில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் அங்கே எட்டு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பெரியவரும் ஒரே அறையில் இருப்பார்கள். எழுத்து பொடியாக இருக்கும் சீட்டுகளையும், நிறத்தை மட்டும் வைத்துப் பிரித்தறிய வேண்டிய காய்களையும் அன்று தவிர்ப்பது நல்லது. படங்களை மட்டும் கொண்ட டிக்சிட் அன்றைக்கு ஏற்றது. ஒருவர் தம் படத்துக்கு ஒரு வரி சொல்வார்; மற்றவர்கள் அதற்குப் பொருந்தும் தம் படத்தைக் கொடுத்துக் கலந்துவிடுவார்கள்; எது அவருடையது என்று ஊகிக்க வேண்டும். எல்லோருமே கண்டுபிடித்துவிட்டாலோ ஒருவருமே கண்டுபிடிக்காவிட்டாலோ சொன்னவருக்குப் புள்ளி கிடையாது. பேரப்பிள்ளை சொல்லும் வரியைத் தாத்தா மட்டும் சரியாகப் பிடிப்பதும், பெற்றோர் விழிப்பதும் அங்கே நடக்கும். பெட்டி எதுவும் இல்லாத வீட்டில் ஊமை நடிப்பு ஆட்டமே போதும். நடிக்கக் கூச்சப்படுபவரைக் கைதட்டி எழுப்பி நிறுத்துவதை மட்டும் விட்டுவிடுங்கள். அவர் புள்ளிக் கணக்கு எழுதட்டும், அல்லது நேரம் பார்க்கட்டும்.

காசு வைத்து ஆடும் ஆட்டத்தை நான் என் வீட்டில் அனுமதிப்பதில்லை. தொகை சிறியதுதானே என்பார்கள். இழந்தவருக்கு அன்று அது சிறியதுதானா என்று நமக்கு எப்படித் தெரியும்? பணம் இறங்கியதும், கேலி செய்யவும் விட்டுக்கொடுக்கவும் இருந்த சுதந்திரம் போய்விடுகிறது.

மற்றபடி ஏற்பாடுகள் எளியவை. மேசைக்கு மேல் நல்ல வெளிச்சம் வேண்டும், கையில் எண்ணெய் ஒட்டாத தின்பண்டம் வேண்டும், தண்ணீர்க் குவளைகளைச் சீட்டுக்கு எட்டாத இன்னொரு சிறு மேசையில் வைக்க வேண்டும். சாப்பாட்டை ஆட்டத்துக்கு நடுவில் பரிமாறாமல் முன்போ பின்போ வைத்துக்கொண்டால், சமையலறையில் நிற்பவரும் விளையாட முடியும். விருந்து நடத்துகிற வீடுகளில் ஒருவர் மட்டும் கடைசி வரை அடுப்படியிலேயே இருப்பதையும், மற்றவர்கள் மேசையில் இருந்தபடியே சாப்பாடு பிரமாதம் என்று பாராட்டுவதையும் நான் மிகுந்த வருத்தத்தோடு பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் முதலில் ஆட்டத்தில் சேர்க்கப்பட வேண்டியவர் அவர்தான்.

எப்போது முடியும் என்பதையும் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். கைக்குழந்தை உள்ளவர்களும், விடிகாலையில் வேலைக்குப் போகிறவர்களும் நடுவில் எழுந்து போகச் சங்கடப்பட்டே வராமல் இருந்துவிடுகிறார்கள். பத்து மணிக்கு முடியும் என்று தெரிந்தால் அவர்கள் வருவார்கள். நாளையும் மாதத்தின் முதல் சனிக்கிழமை என்பது போல நிலையாக வைத்துவிட்டால், யாருக்கு எப்போது வசதி என்று ஒவ்வொரு முறையும் குழுவில் கேட்டுக் கேட்டுக் கடைசியில் ஒருவருக்கும் ஒத்துவராமல் போகும் நிலை வராது. ஒரு மாதம் வர முடியாதவர் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், காரணம் சொல்லவும் வேண்டாம்; அடுத்த மாதம் அதே நாளில் வந்தால் போதும்.